அட்டாமிக்னு பேர் இருந்தா மட்டும் போதுமா?

எபிசோடில் நேரம் பத்தாமல் பாதியில் விட்ட விஷயம் இது. லினக்ஸ் கெர்னலில் அட்டாமிக்_டி என்று ஒரு டைப் இருக்கு. உள்ளே பார்த்தால் ஒரு 32 பிட் இன்டிஜர்தான். அதை வேணும்னே ஒரு ஸ்ட்ரக்டுக்குள் வெச்சிருக்காங்க. நீங்க பழக்கதோஷத்தில் சாதாரண ப்ளஸ் ப்ளஸ் போட்டால் கம்பைலரே தடுத்துவிடும்.

ஆனா கம்பைலர் தடுக்காத தப்பு ஒண்ணு உண்டு. அட்டாமிக்_ரீட் செய்து, ஒன்றைக் கூட்டி, அட்டாமிக்_செட் செய்வது. ரெண்டிலும் அட்டாமிக் என்ற பேர் இருக்கு, நடுவில் இருக்கிற இடைவெளிக்கு யாரும் காவல் இல்லை. அதற்குள் இன்னொரு சிபியு மதிப்பை மாத்தினால் அந்த மாற்றம் காணாமல் போகும். அட்டாமிக்_இன்க் என்றால் ஒரே மூச்சில் முடியும். அதேபோல, குறைச்சிட்டு அப்புறம் "பூஜ்யமா?" என்று தனியா பார்த்தால், இரண்டு சிபியுக்களும் பூஜ்யத்தைப் பார்த்து ஒரே மெமரியை ரெண்டு தடவை ஃப்ரீ செய்யலாம். அதுக்குத்தான் அட்டாமிக்_டெக்_அண்ட்_டெஸ்ட்.

இதெல்லாம் சரியா செய்தாலும் எண்ணிக்கை வழியலாம். 2016 ஜனவரியில் வெளிவந்த சிவிஇ-2016-0728 அப்படிப்பட்டது. ஒரு ப்ராசஸ் தன் செஷன் கீரிங்குக்குப் பதிலா அதே கீரிங்கையே மறுபடி கேட்டால், கெர்னல் எண்ணிக்கையைக் கூட்டும், குறைக்க மறந்துடும். இதை லூப்பில் ஓட்டினால், நாலு பில்லியன் சொச்சம் (நம்ம கணக்கில் சுமார் 429 கோடி) தடவைக்குப் பிறகு 32 பிட் நிறைந்து பூஜ்யத்துக்குத் திரும்பும். யாரும் பயன்படுத்தவில்லை என்று நம்பி கெர்னல் மெமரியை விடுவிக்கும். ப்ராசஸ் கையில் பாயின்டர் இன்னும் இருக்கு. அங்கிருந்து ரூட் வரை போக வழி கிடைக்கும்.

2017ல் 4.11 வெர்ஷனில் ரெஃப்கவுன்ட்_டி வந்தது. எண்ணிக்கை வழியப் போனால், இது சுற்றி வராது. ஒரு மதிப்பில் உறைந்து நின்று எச்சரிக்கை எழுதும். அந்த ஆப்ஜெக்ட் அப்புறம் ஃப்ரீ ஆகவே ஆகாது. மெமரி லீக்தான், ஆனா ரூட்டைப் பறிகொடுப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. பூஜ்யத்திலிருந்து கூட்டப் பார்த்தாலும் எச்சரிக்கும், ஏன்னா பூஜ்யம் என்றால் அந்த ஆப்ஜெக்டின் கதை முடிஞ்சாச்சு. தேடி எடுக்கும் இடங்களில் ரெஃப்கவுன்ட்_இன்க்_நாட்_ஜீரோ போட்டு, கிடைச்சுதா என்று கட்டாயம் பாருங்க.

பாக்கெட் எத்தனை வந்தது என்பது மாதிரி வெறும் எண்ணிக்கைக்கு அட்டாமிக்_டியே போதும். கெர்னல் சோர்ஸில் கீ ஸ்ட்ரக்டைத் திறந்து பாருங்க: அந்த யூசேஜ் ஃபீல்டு இப்போ ரெஃப்கவுன்ட்_டி.