துத்தநாகப் பூச்சு எஃகில் வெல்டிங்: முக்கியக் குறிப்புகள்

(ஐடிஐ வெல்டர், பாலிடெக்னிக், உதவிப் பொறியாளர் தேர்வு எழுதுவோருக்கு)

இந்தப் பாடத்தில் முதலில் மனத்தில் பதிய வேண்டிய எண் 907. அது புரிந்தால் மற்ற விடைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே வந்துவிடும்.

• துத்தநாகத்தின் உருகுநிலை 419.5 டிகிரி செல்சியஸ், கொதிநிலை 907 டிகிரி. இரும்பு உருகுவதோ 1538 டிகிரியில். ஆகவே அடியிலுள்ள எஃகு உருகும் முன்பே மேலே உள்ள பூச்சு கொதித்து ஆவியாகிறது. புகை, துளை, விரிசல், காய்ச்சல் ஆகிய நான்கும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

• துத்தநாகத்தின் அணு எண் 30. முக்கியத் தாது ஸ்பேலரைட். துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை. அடிக்கடி கேட்கப்படும் ஒரு மதிப்பெண் வினா இது.

• ராஜஸ்தானின் ஜாவர் பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாக ஆவியைக் கீழ்நோக்கி வடித்துக் குளிரவைத்து உலோகமாக எடுத்தார்கள். உலையிலேயே ஆவியாகிப் பறந்துவிடும் உலோகத்தைப் பிடித்து வைத்த அந்தத் திறமை, பாடநூல்களில் ஒற்றை வரியோடு முடிந்துவிடுவது வருத்தம் தருகிறது.

• உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கிப் பூசும் முறையை 1742-ல் பிரான்சில் மலூயின் விளக்கினார். 1837-ல் சோரெல் காப்புரிமை பெற்றார். இன்றைய தொட்டியின் வெப்பம் சுமார் 450 டிகிரி.

• இந்தியத் தரநிலைகள்: முக்கிப் பூசிய கட்டுமான எஃகுக்கு ஐஎஸ் 4759, கால்வனைஸ் தகட்டுக்கு ஐஎஸ் 277, வெல்டிங் பாதுகாப்புக்கு ஐஎஸ் 818. ஐஎஸ் 4759-ன்படி 5 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் பூச்சு வேண்டும். துத்தநாகத்தின் அடர்த்தி 7.14 என்பதால் இது ஏறக்குறைய 85 மைக்ரான். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

• பூச்சு பாதுகாப்பது எப்படி? துத்தநாகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44. கீறல் விழுந்தாலும் துத்தநாகம்தான் முதலில் அரிக்கப்படும், இரும்பு தப்பும். வெல்டிங் செய்த இடத்தில் இந்தக் காவல் போய்விடுகிறது.

• பற்றில் (வெல்டிங் இணைப்பில்) வரும் குறைகள்: ஆவி வெளியேற வழியில்லாமல் உருகிய குழம்புக்குள் சிக்கினால் துளைகள் விழும். பொறி தெறிப்பதும் கூடும். ஃபில்லட் பற்றில் துத்தநாகம் உள்ளே ஊடுருவினால் விரிசல் வரும்; கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடியது என்பதால் மூன்றிலும் ஆபத்தானது இதுவே.

• தடுக்கும் வழி: பற்றுக்கோட்டின் இருபுறமும் 25 முதல் 100 மி.மீ. வரை பூச்சைக் கிரைண்டரால் நீக்க வேண்டும், அதுவும் தகட்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி19.0 வழிகாட்டல் சொல்வது இது. நீக்க முடியாத இடத்தில் இடைவெளியைச் சற்றுக் கூட்டி, ராடை மெதுவாக நகர்த்தினால், குழம்புக்கு முன்னாலேயே பூச்சு எரிந்து போகும்.

• உலோகப் புகைக் காய்ச்சல்: இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். துத்தநாக ஆக்சைடு துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை, நுரையீரலின் ஆழம் வரை போகும். புகை பட்டவுடன் ஒன்றும் தெரியாது. 4 முதல் 10 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகு, வாயில் உலோகச் சுவை, தாகம், குளிர் நடுக்கம், காய்ச்சல், உடல்வலி. பொதுவாக ஒன்றிரண்டு நாளில் தணியும். தொடர்ந்து வேலை செய்பவருக்கு உடல் தற்காலிகமாகப் பழகிக்கொள்ளும். விடுமுறையில் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் இதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றும் பெயர். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாளும் அதே புகையில் நிற்கும் தொழிலாளிக்கு இந்தப் பெயரை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

• பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைதான். காட்மியம் பூசிய போல்ட்டைத் துத்தநாகம் என்று நினைத்துச் சூடாக்கினாலும் அறிகுறிகள் இதேபோல் தொடங்கும், ஆனால் உயிரையே பறிக்கக்கூடும்.

• வரம்பு: அமெரிக்காவின் ஓஷா விதிப்படி, துத்தநாக ஆக்சைடு புகை 8 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 5 மி.கி. வெல்டிங் புகையையே புற்றுநோய்க் காரணியாக, முதல் தொகுதியில், 2017-ல் வகைப்படுத்தியது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு.

• பாதுகாப்பு வரிசை: பூச்சை நீக்குதல், புகை உறிஞ்சி, காற்றோட்டம், அதன் பிறகே முகக்கவசம். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் துகள்களை நிறுத்தாது. வெல்டிங் கண்ணாடி ஒளியை மட்டுமே தடுக்கும். மூடிய தொட்டிக்குள் வேலை என்றால் உறிஞ்சி இல்லாமல் இறங்கவே கூடாது.

• பற்றவைத்த பின் செய்ய வேண்டியது: கசடு நீக்கித் துலக்கி, துத்தநாகம் மிகுந்த பெயிண்ட், துத்தநாகத் தெளிப்பு, துத்தநாகப் பற்றாசு ஆகியவற்றில் ஒன்றால் சரிசெய்தல் (ஏஎஸ்டிஎம் ஏ780). உலர்ந்த பெயிண்டில் துத்தநாகத் தூள் எடையில் 65–69 சதவீதம் அல்லது 92 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். கேட், ஷெட் வேலைகளில் பற்றின் மேல் அடிக்கும் சில்வர் பெயிண்ட் நிறத்தில்தான் பொருந்தும். துத்தநாகத்தின் வேலையை அது செய்யாது.