முன்குனிந்து அமர்வது ஏன்?

"நிமிர்ந்து உட்காருங்கள் அப்பா" என்று பிள்ளைகள் கூறுவதைப் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அன்பினால்தான் கூறுகிறார்கள். ஆயினும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர் மூச்சுத்திணறும்போது முழங்கால்களில் கைகளை ஊன்றி முன்குனிவதற்குக் காரணம் உண்டு.

இந்நோயில் வெளியேற வேண்டிய காற்று நுரையீரலிலேயே தேங்குகிறது. அதனால், குடைபோல் குவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. முன்குனியும்போது வயிற்றின் அழுத்தம் அதனை மேலே தள்ளிச் சற்றுக் குவியச் செய்கிறது. கைகள் ஊன்றியிருப்பதால் கழுத்து, மார்புத் தசைகளும் மூச்சிழுக்கத் துணைபுரிகின்றன. எனவே அவ்வேளையில் அவரை நிமிர்த்தவோ மல்லாந்து படுக்க வைக்கவோ வேண்டாம். மேசைமீது தலையணை வைத்து, அதன்மேல் சாய விடுங்கள். இன்ஹேலர் எடுத்தும் திணறல் தணியாவிடில் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

திணறல் இல்லாதபோதும் இந்நிலையே வழக்கமானால், மார்புத் தசைகள் இறுகித் தோள்கள் முன்வந்துவிடும். அதற்கான பயிற்சிகளை எங்கள் இயன்முறை சிகிச்சையாளர் கற்பிப்பார்.

எல்லாக் கூனும் தசையால் வருவதன்று. ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டவர்களுக்கு எலும்பு மெலிந்து முதுகெலும்பு நசுங்கக்கூடும். திடீர் முதுகுவலியையோ உயரம் குறைவதையோ முதுமை என்று விட்டுவிடாமல் எங்களிடம் தெரிவியுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.