போர்க்காலத்தில் பட்டாளத்துக்குத் துணை நிற்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பதிலடியாக மே 7 அதிகாலை பாகிஸ்தானுக்கு எதிராக ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது. மே 10 மாலை சண்டை நின்றது. அந்த நாட்களில் லீவில் ஊர் வந்திருந்த வீரர்கள் பாதியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அதே நாட்களில் நம் கைபேசிகளில் ஓடிய வதந்திக்கும் கூச்சலுக்கும் அளவில்லை. அதைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் படைமீது பாசம் உள்ளவர்கள்தான். எனக்கு வருத்தமே அதில்தான்.

போர் மூண்டுவிட்டால் நாடு ஒரே மனதாகப் படையின் பின்னால் நிற்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். 1962-ல் சீனா படையெடுத்தபோது, தனித் திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க.வே அந்தக் கோரிக்கையை ஒத்திவைத்துவிட்டுப் போர் முயற்சிக்குத் துணை நின்றது. பெரியவர்கள் காட்டிய வழி அது. அப்படி நிற்கிற சாதாரணக் குடிமகனுக்கு இரண்டு பொறுப்பு உண்டு: தன் வாயைக் காப்பது, வீரர் விட்டுவிட்டுப் போன வீட்டைக் காப்பது. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டில் அடங்கும்.

செய்ய வேண்டியவை

வீரரின் வீட்டைப் பாருங்கள். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்றொரு ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியதால் அதற்கு ‘மிலிட்டரி பேட்டை’ என்றே பெயர். அங்கே ஒரு வீட்டின் சங்கடம் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமலே புரியும். மற்ற ஊர்களில் அப்படி இல்லை. தெருவில் ஒரே ஒரு பட்டாளத்துக்காரர் வீடு இருக்கும். அதில் மாமனார், மாமியார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்ச் சமாளிக்கும் மனைவி. எல்லையில் பதற்றம் கூடினால் அவருக்குப் போன் வருவது நின்றுவிடும். அந்த நேரத்தில் வாசலில் நின்று “போன் வந்துச்சாம்மா?” என்று ஆளுக்கொரு தடவை கேட்பது உதவி ஆகாது. மாமனாரின் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் வாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுங்கள். அறுவடை நேரமென்றால் மெஷின் பிடித்துக் கொடுத்துக் களத்தில் கூட நில்லுங்கள்.

நிலத் தகராறு இன்னொரு பெரிய தலைவலி. ஆள் ஊரில் இல்லை என்று தெரிந்ததும் வரப்பைச் செதுக்கி முழம் முழமாக உள்ளே வருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போர்முனையில் இருப்பவர் கோர்ட்டுக்கு வர முடியாது என்பதற்காக அவருக்கு எதிராக ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடக் கூடாது என்று 1925-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2025 ஜூலை 26-ல், கார்கில் வெற்றி நாளன்று, படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும் திட்டத்தைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கியது. இந்த இரண்டு விவரமும் தெரியாத வீடுகளே அதிகம். போய்ச் சொல்லுங்கள். வரப்பைச் செதுக்குகிறவரிடமும் ஊர்ப் பெரியவர்கள் நாலு வார்த்தை சொல்லலாம்.

பணம் கொடுங்கள், சரியான இடத்தில். பஹல்காம் தாக்குதலுக்குப் பின் ஒரு வங்கிக் கணக்கு எண்ணோடு, ராணுவத்துக்கு ஆயுதம் வாங்க நிதி என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது தவறான செய்தி, ஆயுதம் வாங்க அப்படி எந்த வசூலும் கிடையாது என்று பாதுகாப்பு அமைச்சகமே விளக்கம் தர வேண்டி வந்தது. கொடுக்க நினைப்பவர்களுக்கு முறையான வழிகள் இருக்கின்றன. 1962-ல் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு நிதி இருக்கிறது. போரில் இறந்தவர், உறுப்பிழந்தவர் குடும்பங்களுக்கான படைவீரர் நல நிதி இருக்கிறது. 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-லும் திரட்டப்படும் கொடிநாள் நிதி இருக்கிறது. எதுவும் புரியவில்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அரசு சொல்வதைக் கேளுங்கள். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் விமானங்கள் புஜ் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையைக் குண்டு போட்டுப் பெயர்த்தன. பக்கத்து ஊரான மாதாபரிலிருந்து ஏறக்குறைய 300 பெண்கள் வந்து 72 மணி நேரத்தில் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். சைரன் ஒலித்தால் ஓடிப்போய்ப் புதரில் பதுங்குவார்கள். அடங்கியதும் திரும்பி வந்து கல் சுமப்பார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் விளக்கை அணையுங்கள் என்பதோ, போர்க்கால ஒத்திகை நடக்கும்போது இருந்த இடத்தில் இருங்கள் என்பதோ பெரிய காரியமே இல்லை. 2025 மே 7 அன்று கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் அப்படி ஒத்திகை நடந்தது. அதைக் கேலிப் படமாக்கிப் பரப்புகிற வேலை நமக்கு வேண்டாம்.

இரத்தம் கொடுங்கள், ஆனால் முறை வைத்துக் கொடுங்கள். இரத்தச் சிவப்பணுக்களை 42 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எல்லோரும் முதல் நாளே வரிசையில் நின்றுவிட்டால் இரண்டாம் மாதம் இரத்த வங்கி காலியாக இருக்கும். பெயரைப் பதிந்துவிட்டு, கூப்பிடும்போது போங்கள்.

ரயிலில் இடம் கொடுங்கள். பாதி லீவில் திரும்புகிறவருக்கு ரிசர்வேஷன் கிடைத்திருக்காது. கறுப்பு டிரங்குப் பெட்டியோடு கதவோரம் நிற்பார். நகர்ந்து உட்காருங்கள். எந்த யூனிட், எங்கே போஸ்டிங் என்று துருவாதீர்கள், “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டால் போதும்.

கோயிலில், தர்காவில், சர்ச்சில் வீரர்கள் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. ஊரே தன் மகனுக்காக வேண்டுகிறது என்று தெரிந்தால் ஒரு தாய்க்கு அன்றிரவு தூக்கம் வரும்.

செய்யக்கூடாதவை

படை நகர்வதைப் படம் பிடிக்காதீர்கள். அந்த டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் வீரரின் எண், ரேங்க், பெயர் மூன்றும் இருக்கும். நீங்கள் ஆசையாக எடுத்துப் போடும் செல்ஃபியில் அது அப்படியே விழும். 2008-ல் மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. அந்த நேரலை, பாகிஸ்தானிலிருந்து பயங்கரவாதிகளை இயக்கியவர்களுக்கு உதவியாக இருந்ததை உச்ச நீதிமன்றம் 2012-ல், அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாபின் வழக்குத் தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தது. இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு நேரலை கேமரா இருக்கிறது.

2019 பிப்ரவரி 27 அன்று நம் விமானப்படையின் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானிடம் சிக்கினார். விசாரித்தவர்களிடம் தெற்கத்திக்காரன் என்பதற்கு மேல் ஊர் விவரம் சொல்லவில்லை. எந்த விமானத்தில் வந்தார் என்பதைச் சொல்ல மறுத்தார். அதே வேளையில் இங்கே அவருடைய தந்தை யார், வீடு எங்கே என்று டி.வி.யும் வாட்ஸ்அப்பும் அலசிக்கொண்டிருந்தன. அடிபட்ட முகத்தோடு அவர் கட்டிக் காத்த விவரத்தைச் சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஊருக்கெல்லாம் பரப்பினார்கள். இன்னொரு முறை இப்படி நடக்கக் கூடாது.

சாவுச் செய்தியை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 வீரர்கள் உயிர்நீத்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அப்படிப்பட்ட செய்தி வீட்டாருக்குப் படையின் வாயிலாகத்தான் வந்து சேர வேண்டும். அதற்கு முன்பே குரூப்பில் படம் போட்டு ‘வீரவணக்கம்’ எழுதினால், கணவன் போனது ஒரு பெண்ணுக்குக் கைபேசித் திரையில் தெரியவரும். அறிவிப்பு வரும்வரை பொறுங்கள். துக்க வீட்டுக்குள் கேமராவோடு நுழைகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

போர் நடக்கும்போதே போர்த்தந்திரத்தை அலசாதீர்கள். இங்கே பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். ஜனநாயகத்தில் கேள்வி கேட்கக் கூடாதா என்பார்கள். கேட்க வேண்டும், அதற்கு இடமும் நேரமும் இருக்கிறது. 1962 போரின் நடுவில் நாடாளுமன்றத்தைக் கூட்டச் சொன்னார் இளம் உறுப்பினர் வாஜ்பாய், நேரு கூட்டினார். அதுதான் இடம். கார்கில் போர் 1999 ஜூலை 26-ல் முடிந்தது. மூன்றே நாளில், எங்கே கோட்டை விட்டோம் என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். தலைமை ஏற்றவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அதுதான் நேரம். ஆள் மலையேறிக்கொண்டிருக்கும்போது, ஏறும் வழி சரியா என்று தெருவில் பட்டிமன்றம் நடத்தினால் அவருக்குக் கால் தடுமாறும். அதற்காக, கேள்வி கேட்டவரைத் துரோகி என்பதும் எனக்குச் சம்மதமில்லை.

சண்டை நின்றால் வசை பாடாதீர்கள். 2025 மே 10-ல் சண்டை நிறுத்தத்தை அறிவித்ததற்காக வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் மகளையும் இணையத்தில் கேவலமாகத் திட்டினார்கள். வெட்கக்கேடு. எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை எல்லையில் இல்லாதபோது ‘இன்னும் அடி’ என்று கத்துவது சுலபம்.

உள்ளூரில் பகைவரைத் தேடாதீர்கள். 1965 பாகிஸ்தான் போரில் அசல் உத்தர் களத்தில் பாட்டன் டாங்குகளைத் தகர்த்து உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்றவர் அப்துல் ஹமீது. ஆபரேஷன் சிந்தூரின் முதல் நாள் நாட்டுக்கு விளக்கம் சொன்னவர்களில் ஒருவர் கர்னல் சோஃபியா குரேஷி. சீருடைக்குள் மதம் பார்க்காத படையின் பெயரைச் சொல்லிக்கொண்டு, காஷ்மீரிலிருந்து படிக்க வந்த பையனை விரட்டுவது அந்தப் படைக்கே அவமானம்.

கட்சி போஸ்டரில் வீரர் படம் வேண்டாம். தேர்தல் ஆணையம் 2013-லும் 2019-லும் இதைச் சொல்லிவிட்டது. எந்தக் கட்சியானாலும் இது பொருந்தும், நான் ஓட்டுப் போடும் கட்சிக்கும். அரிசி, பெட்ரோல் பதுக்காதீர்கள். பட்டாளச் சீருடை மாதிரி துணி உடுத்தித் திரியாதீர்கள்.

போர் முடிந்ததும் மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் போரில் விழுந்தவருக்கு நடுகல் நட்டார்கள். செங்கம் பக்கம் இன்றும் பார்க்கலாம். கல்லோடு நிறுத்தவில்லை, அவர் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலமும் எழுதி வைத்தார்கள். சிலை திறப்பதில் இன்றும் நமக்குக் குறையில்லை. இரண்டாவது காரியத்தில்தான் கை தளர்கிறது. 1971 போரில் கணவரை இழந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பென்ஷன் இப்போது ‘ஸ்பார்ஷ்’ என்ற இணைய முறைக்கு மாறியிருக்கிறது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று பதிய வேண்டும், தவறினால் பணம் நின்றுவிடும். தேய்ந்துபோன விரலின் ரேகையை மெஷின் எடுக்காமல் திரும்பத் திரும்ப ‘தோல்வி’ என்று காட்டும்போது அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், வரும் நவம்பரில் அவரைக் கைபிடித்து இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போங்கள்.