மூணாவது பின் எதற்கு?



பத்தாம் வகுப்பில் எங்களுக்கு 'மின்னோட்டவியல்' பாடம் நடந்தது. அதைப் படித்ததால் எங்கள் வீட்டில் ஒரு ஆபத்து நீங்கியது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்க வீட்டு கிரைண்டரைத் தொட்டா கொஞ்ச நாளா சுர்ருனு ஷாக் அடிச்சுது. "மணைப்பலகை மேல நின்னு மாவு அள்ளு, ஒண்ணும் பண்ணாது" என்று பாட்டி சொன்னார். அம்மாவும் அப்படியே செய்துவந்தார்.

வகுப்பில் டீச்சர் மூன்று கம்பிகளைப் படம் போட்டு விளக்கினார். மின்னோட்டக் கம்பி வழியாக மின்சாரம் வருகிறது. நடுநிலைக் கம்பி வழியாகத் திரும்புகிறது. மூன்றாவது, புவித்தொடுப்புக் கம்பி. நாம 'எர்த்' என்று சொல்வது இதுதான். இது கருவியின் உலோக உடம்பையும் மண்ணையும் இணைக்கிறது. கருவி நன்றாக இருக்கும்வரை இதில் மின்சாரம் ஓடாது.

நான் எழுந்து, "டீச்சர், வீட்லதான் ஃபியூஸ் இருக்கே, அது காப்பாத்தாதா?" என்று கேட்டேன். "ஓம் விதியில கணக்குப் போட்டுப் பாரு" என்றார்.

மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை.

கணக்கு 1: எர்த் இல்லை. உள்ளே வயர் கழன்று கிரைண்டர் உடம்பில் படுகிறது. ஈரக் கையோடு தொடுகிறோம். அப்போது நம் உடம்பின் மின்தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க இது போதும். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது ஒண்ணுமே இல்லை. அது உருகாது!

கணக்கு 2: எர்த் இருக்கிறது. அதன் மின்தடை 5 ஓம் என்றால், 230 ÷ 5 = 46 ஆம்பியர். ஃபியூஸ் உடனே உருகிவிடும். கிரைண்டரில் மின்சாரமே இருக்காது.

கணக்கு 3: எர்த் குழி காய்ந்து மின்தடை 50 ஓம் ஆகிவிட்டது என்றால், 230 ÷ 50 = 4.6 ஆம்பியர். ஃபியூஸ் உருகாது. குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஃபியூஸ் மட்டும் இருந்தால் வயரைத்தான் காப்பாற்றும். எர்த்தும் சேர்ந்தால்தான் ஆளைக் காப்பாற்றும்.

எர்த் பின் மட்டும் ஏன் நீளம்? செருகும்போது அது முதலில் தொட்டு, கழற்றும்போது கடைசியில் விடுபட வேண்டும் என்பதற்காக. தடிமனாக இருப்பது, தவறிப்போய் மற்ற ஓட்டைகளில் நுழையாமல் இருக்க.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் கிரைண்டர் பிளக்கைப் பார்த்தேன். ரெண்டே பின்! பழைய பிளக் உடைந்தபோது யாரோ இதை மாட்டியிருக்கிறார்கள். அப்பாவிடம் கணக்கைக் காட்டினேன். மறுநாளே எலக்ட்ரீசியன் அண்ணன் வந்தார். பச்சை வயர் டேப் சுற்றி மடக்கிக் கிடந்தது. கிரைண்டருக்குள் ஈரம் இறங்கி மின்சாரம் கசிந்திருக்கிறது. அதைச் சரிசெய்து மூன்று பின் பிளக் மாட்டினார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டோம்.

பாட்டி இன்னும் மணைப்பலகையை எடுக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். ஆனால் பலகை நனைந்தாலோ, இன்னொரு கை குழாயைத் தொட்டாலோ அது காப்பாற்றாது என்று சொல்லியிருக்கிறேன்.

நண்பர்களே, இன்றைக்கே உங்கள் வீட்டு கிரைண்டர், ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் பிளக்குகளில் எத்தனை பின் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சும்மா பார்த்தால் போதும், திறக்க வேண்டாம். கொஞ்சமாக ஷாக் அடித்தாலும் பெரியவர்களிடம் சொல்லி எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஒரே மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காவுக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை? விடை அடுத்த இதழில்!