டயரில் காற்று பார்த்துப் புறப்படுங்கள்

ஆப்பிரிக்காவில் வாடகை வண்டி எடுத்து, நாமே ஓட்டிப் பாலைவனமும் காட்டு விலங்குகளும் பார்க்க வேண்டுமென்றால் முதல் முறைக்கு நமீபியாதான் சரியான நாடு. நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். பரப்பு தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்குக்கும் மேல். மக்கள்தொகை 30 லட்சம்தான். பல இடங்களில் அரை மணி நேரம் ஓட்டினாலும் எதிரே ஒரு வண்டி வராது.

ஊரில் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது எல்லோரும் சிங்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். டயரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே பயணத்தைக் கெடுப்பது சரளைச் சாலை. நாட்டின் சாலைகளில் பெரும்பகுதி தார் போடாதவை.

கிளம்பும் முன்

மே முதல் அக்டோபர் வரை மழையில்லாக் காலம். விலங்குகளுக்காகவே போகிறீர்கள் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். குட்டைகளெல்லாம் வற்றி, மிச்சமிருக்கும் நீர்நிலைகளுக்கு அவை வந்தே தீர வேண்டும். ஜூன், ஜூலையில் போனால் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்; பாலைவன இரவில் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை. வறண்டு கிடக்கும் ஆறு திடீரென்று ஓடிச் சாலையை அறுத்துவிடும். ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள், வடியும்வரை காத்திருங்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தையும் சேர்த்துக் கொண்டு போக வேண்டும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக விமானம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்க வாய்ப்புண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும், கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட வேண்டாம். விசா விதிமுறையை டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வண்டி எடுக்கும் இடத்தில்

தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து விமான நிலையம் 45 கிலோமீட்டர். இறங்கிய அன்றே நெடும்பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். கூரைமேல் கூடாரம் வைத்த டொயோட்டா ஹைலக்ஸ்தான் அங்கே பலரும் எடுப்பது. கூடாரம், அடுப்பு, சிலிண்டர், குளிர்பெட்டி, பாத்திரம் எல்லாம் அதோடு வந்துவிடும்.

ஒரு மணி நேரம் ஒதுக்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். ஸ்டெப்னி இரண்டு இருக்க வேண்டும். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் கையில் எடுத்துப் பாருங்கள், அங்கேயே ஒரு போல்ட்டைத் தளர்த்தி இறுக்கிப் பழகுங்கள். காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர், காற்று அளக்கும் கேஜ், மண்வெட்டி மூன்றும் இல்லாமல் வெளியே வராதீர்கள். காப்பீட்டுத் தாளில் டயர், முன் கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவற்றுக்கு ஈடு உண்டா என்று தனித்தனியே கேளுங்கள். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டி விபத்தானால் பல ஒப்பந்தங்களில் ஈடு கிடையாது.

காற்றுக் கணக்கு

முதல் முறை போனபோது வண்டியைக் கொடுத்தவர் தாரில் இவ்வளவு, சரளையில் இவ்வளவு, மணலில் இவ்வளவு என்று காற்றுக் கணக்கை மெனக்கெட்டு எழுதிக் கொடுத்தார். நான் அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கான பலனை இரண்டாம் நாளே அனுபவித்தேன்.

அந்தக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: தார்ச் சாலையில் 32 பி.எஸ்.ஐ., சரளையில் 26, ஆழ மணலில் 18. வண்டிக்கும் சுமைக்கும் ஏற்ப மாறும் என்பதால் உங்கள் வண்டிக்குரியதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காற்று விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு கூர்க்கல்லும் டயரில் குத்தும். கொஞ்சம் தளர்ந்திருந்தால் ரப்பர் கல்லுக்கு வளைந்து கொடுக்கும். அகலமாகப் பதிவதால் பிடிமானமும் கூடும். ஆனால் தளர்ந்த டயரோடு தாரில் வேகமாகப் போனால் அது சூடேறி வெடித்துவிடும். ஆகவே சாலை மாறும் இடத்தில் எல்லாம் இறங்கிக் காற்றைக் குறைப்பதும் ஏற்றுவதும் அன்றாட வேலை. சலிப்பான வேலைதான், செய்துதான் ஆக வேண்டும்.

சரளையில் சட்டம் 100 வரை அனுமதிக்கிறது. 80-ஐத் தாண்டாதீர்கள் என்று வாடகைக்காரர்கள் சொல்வதுதான் நியாயம். பாதையின் குறுக்கே துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாக மேடு விழுந்திருக்கும். அதில் திடீரென்று பிரேக் அடித்தாலோ ஸ்டீயரிங்கை வெட்டினாலோ வண்டி நம் பேச்சைக் கேட்காது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். குடு மான் குறுக்கே பாய்ந்தாலும் நேராகவே நிறுத்தப் பாருங்கள், ஒதுங்கப் போய்த்தான் கவிழ்கிறார்கள். எதிரே வண்டி வந்தால் இடது ஓரம் ஒதுங்கி, மெல்லப் போங்கள். தெறிக்கும் கல்லில் கண்ணாடி போகும், பின்னால் எழும் புழுதியில் சில நொடிகள் ஒன்றுமே தெரியாது. பகலிலும் முகப்பு விளக்கு எரியட்டும்.

ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டர் போதும், மாலை ஐந்துக்குள் தங்குமிடம் சேருங்கள். பங்க் கண்ணில் பட்டால் டாங்க் பாதி இருந்தாலும் நிரப்புங்கள், கையில் ரொக்கம் வைத்திருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். ஊர்களைத் தாண்டினால் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

செம்மணல்

விண்ட்ஹுக்கிலிருந்து செஸ்ரீம் 320 கிலோமீட்டர் அளவில் இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. செஸ்ரீம் என்றால் ஆறு தோல்வார். அங்குள்ள பள்ளத்தாக்கில் தண்ணீர் இறைக்க, ஆறு வாரை முடிந்து கயிறாக்கியதால் வந்த பெயர். நமீப் மணற்கடல் 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் வாசல் இதுதான்.

இங்கே ஒரு சூட்சுமம். பூங்கா வாயிலுக்கு உள்ளே இருக்கும் முகாமில் இடம் பிடித்தால் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்வாயிலைத் திறந்து விடுவார்கள். வெளியே தங்கியவர்கள் உதயம்வரை காத்திருக்க வேண்டும். மணல்மேட்டின் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் கறுத்தும் இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்காகவே, கூடுதல் காசானாலும் உள்ளே தங்குங்கள்.

வாயிலிலிருந்து சோசுஸ்ஃப்ளே 65 கிலோமீட்டர். முதல் 60 தார். கடைசி ஐந்தும் ஆழ மணல். தார் முடியும் இடத்தில் நிறுத்தி 18-க்குக் காற்றை இறக்குங்கள், நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றுங்கள், முன்னால் போன தடத்திலேயே ஒரே சீராகப் போங்கள். நின்று நின்று போனால் புதையும். சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள், மிதிக்க மிதிக்க வண்டி அச்சுவரை இறங்கும். மண்வெட்டியால் சக்கரத்தின் பின்னால் மணலை அள்ளி, 15-க்குக் காற்றை இறக்கி, மெல்லப் பின்னோக்கி எடுங்கள். நம்பிக்கை இல்லையா? தார் முடியும் இடத்திலிருந்து கட்டண ஜீப் ஓடுகிறது. அதில் போவதில் வெட்கமில்லை. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் டெட்ஃப்ளே. வெள்ளைக் களிமண் தரையில், பல நூறு ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன மரங்கள் உளுத்து விழக்கூட ஈரமில்லாமல் கறுத்து நிற்கின்றன. ஒன்பது மணிக்குள் பார்த்துத் திரும்பிவிடுங்கள்.

அடுத்து சாலிட்டேர் வழியாக ஸ்வாகோப்முண்ட், 350 கிலோமீட்டர், பெரும்பாலும் சரளை. சாலிட்டேரில் பெட்ரோலும் பேர்போன ஆப்பிள் பையும் கிடைக்கும். கடற்கரையில் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் காலையில் பனிமூட்டம். பஞ்சரான டயரை ஒட்டவும் துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் இந்த ஊரில் ஒரு நாள் ஒதுக்குங்கள். அரிசி, பருப்பு கிடைக்கும். புளிக்காய்ச்சல் கிடைக்காது.

எடோஷா

ஸ்வாகோப்முண்டிலிருந்து ஒமாருரு, ஊட்ஜோ வழியாக 500 கிலோமீட்டர் அளவில், தார்தான். காற்றை 32-க்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் நான் சொன்ன 350 கணக்கை இந்த ஒரு நாள் மட்டும் மீறலாம், விடியலில் கிளம்புவதானால்.

1907-இல் காப்பகமான எடோஷா 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. நடுவில் 4,800 சதுர கிலோமீட்டர் உப்புப் படுகை. சூரியன் உதிக்கும்போது வாயில் திறந்து, மறையும்போது மூடிவிடும். வேகம் 60-க்கு மேல் கூடாது. முகாமிலும் வேலியிட்ட ஓய்விடத்திலும் தவிர, வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

விலங்கைத் தேடிச் சுற்றுகிறவர்களைவிட உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அதிகம் கண்ணில் படும். ஒரு நீர்நிலையில் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் இருங்கள். ஒகாகுவேஜோ முகாமின் நீர்நிலைக்கு இரவில் விளக்குப் போட்டிருக்கிறார்கள். கறுப்புக் காண்டாமிருகம் வருவது பெரும்பாலும் அந்நேரத்தில்தான். சத்தம் கேட்டால் நின்றுவிடும். ஃபிளாஸ்க் மூடியைக்கூட மெல்லத் திறங்கள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை இங்கே இடம் கிடைக்கப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

திரும்பும்போது கால்நடை நோய்த் தடுப்புச் சாவடிகளில் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டு வரத் தடை, ஆகவே முந்திய இரவே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். ஒகாகுவேஜோவிலிருந்து விண்ட்ஹுக் 430 கிலோமீட்டர், முழுக்கத் தார்.

காற்றுக் கணக்குத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டிய முதல் பயணத்தில் எனக்கு 11 நாளில் மூன்று பஞ்சர். அதே பாதையில், தாளை ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவைத்துப் போன இரண்டாம் பயணத்தில் ஒரு பஞ்சர்கூட இல்லை.