லொறியில் வந்த படகின் மூடி உடைந்தால்: கிரான் பக்கத்துப் படகுக்காரருக்குச் சில குறிப்புகள்

கிரான் பக்கத்தில் படகுகள் தண்ணீரில் மட்டுமல்ல, தார் வீதியிலும் பயணம் செய்யும். வாழைச்சேனையில் நிற்கும் படகைப் பழுது பார்க்க வீட்டு வளவுக்குக் கொண்டு வருவார்கள். மாரியில் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால், ஆட்களை அக்கரை சேர்க்க உழவு மெசின் பெட்டியில் படகு வந்து இறங்கும். மேற்குக் கரையில் வாங்குகிறவர் ஹபரணை, பொலன்னறுவை, வெலிகந்தை, புனானை என்று ஏ11 வீதி நெடுக லொறியில் ஏற்றி வருவார். இப்படி வரும் படகில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் முன்தட்டில் இருக்கும் சாமான் அறையின் மூடிதான். பைபர் படகானாலும் பாய்ப்படகானாலும் கதை ஒன்றே. மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை. முறை தெரிந்தால் போதும்.

1. படகு லொறியில் இருக்கும்போதே சுற்றி வந்து பாருங்கள். உடைவைக் கிட்டவும் தூரவும் போனில் படம் எடுங்கள். கயிறு எங்கே போனது, அடியில் என்ன வைத்திருந்தார்கள் என்பதும் படத்தில் விழ வேண்டும். கையெழுத்துப் போடும் தாளில் "முன் மூடி உடைந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம் அண்ணே" என்ற பேச்சு, லொறி சந்தி தாண்டியதும் காற்றோடு போய்விடும். லொறியின் சாதாரண மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஏற்றி வந்த சாமானுக்குப் பணம் தராது. சாமானுக்கென்று தனியாகக் காப்புறுதி எடுத்திருக்கிறார்களா என்று வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

2. அடி மேலிருந்து விழுந்ததா, கீழிருந்தா என்று பாருங்கள். மேலே கயிறு இறுகி உடைந்திருந்தால், கயிறு அழுந்திய கோட்டோடு வெடிப்பு ஓடும். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து வெடிப்புப் பரவி, அந்த இடம் வெளிப்பக்கம் புடைத்திருந்தால், குற்றவாளி உள்ளே இருக்கிறான்: நங்கூரம், சாவிப் பெட்டி, ஈயக்கட்டி. வீதிப் பள்ளத்தில் லொறி குதிக்கும்போது அவை எழும்பி மூடியை அடியிலிருந்து குத்தும். காரணம் தெரியாமல் புது மூடி போட்டால், அடுத்த பயணத்தில் அதுவும் போகும்.

3. மூடியை விட முக்கியம், அது உட்காரும் விளிம்பு. மூடி கண்ணுக்குத் தெரிய உடைந்திருக்கும். விளிம்பு மயிரிழை அளவுக்கு வெடித்து ஒன்றும் நடக்காதது போல இருக்கும். புது மூடி போட்ட பிறகும் தண்ணீர் இறங்குகிறது என்று வருகிற முறைப்பாட்டில் பெரும்பங்கு இந்த விளிம்பில்தான். ஐந்து ரூபாய்க் குற்றியால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பைபர் "டக் டக்" என்று கூர்மையாகச் சத்தம் தரும். உள்ளே பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக அமுங்கும். அந்த இடத்தைப் பேனையால் வட்டமிடுங்கள். வெடிப்பின் மேல் பசை பூசி மூடுவது வேலையல்ல. தடிப்பு 5 மில்லிமீற்றர் என்றால், வெடிப்பின் இரு பக்கமும் தலா 60 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சரிவாக உரைத்து எடுத்து, அந்தச் சரிவில் பைபர் பாய் வைத்து நிரப்ப வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது படகுப் பட்டறைகளில் பழகிய கணக்கு. சரிவு குறைந்தால் ஒட்டு நிற்காது.

4. பல படகுகளில் முன் அறைக்கு அடியில் மிதப்புக்காக நுரை அடைத்திருக்கும். மூடி உடைந்த படகு மழையில் வந்திருந்தால் அந்த நுரையைக் கையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பதே நல்லது. வெயிலில் காயும் என்று காத்திருப்பது வீண். நனைந்த நுரை மிதப்புத் தராது, பாரம்தான் தரும்.

5. உடைந்த மூடியை வைத்து அளவெடுக்காதீர்கள். மூடி உட்காரும் வாயை அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம் மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு தரம் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் வாய் கோணல் என்று அர்த்தம், அடிபட்ட படகில் அது சாதாரணம். தடித்த அட்டையில் வெட்டி வாயில் பொருத்திப் பார்த்து, சுற்றிவர 3 மில்லிமீற்றர் இடைவெளி வருமாறு திருத்திய பிறகு ஓடாவியாரிடம் கொடுங்கள்.

6. வாங்குவதா, செய்வதா? பாய்ப்படகுக்கென்று விற்கும் அலுமினியச் சட்டமிட்ட மூடியை வாங்கலாம். ஆனால் வெட்டுவாயின் அளவும் மூலை வளைவும் உங்கள் வாயோடு ஒத்துப்போக வேண்டும். வாயைப் பெரிதாக வெட்டிப் பொருத்துவது படகின் பலத்தை வெட்டுவதுதான். 18 முதல் 23 அடி வரையான தொழில் படகுக்குப் பைபரில் செய்துகொள்வதே என் தீர்ப்பு: மலிவு, படகோடு ஒரே இனம், அடுத்த தரம் உடைந்தாலும் ஊரிலேயே சரிசெய்யலாம். தகரமும் சாதாரணப் பலகையும் உப்புக்காற்றில் ஒரு மாரிகூடத் தாக்குப்பிடிப்பது சந்தேகம்.

7. சாமான் கணக்கை முதலில் போடுங்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலமுள்ள மூடி என்று வையுங்கள். பரப்பு 0.27 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள பாயில் ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 122 கிராம் போகும். ஒரு அடுக்கு காய்ந்தால் சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்பு. ஐந்து அடுக்குக்கு 610 கிராம் பாய். ரெசின், பாயின் நிறையில் இரண்டேகால் மடங்கு, அதாவது ஒரு கிலோ நானூறு கிராமுக்குக் கிட்ட. ஓரத்து மடிப்புக்கும் டப்பாவில் ஒட்டிப் போவதற்கும் சேர்த்து 1.75 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும்.

8. அச்சுக்கு ஃபோர்மைக்கா ஒட்டிய பழைய மேசைப் பலகை அருமையான சாமான். சுற்றிவரச் சட்டம் அடித்து, மெழுகு பொலிஷ் நாலைந்து தரம் பூசித் துடையுங்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் மூடி மேசையோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டும் போய்விடும். முதலில் வெளிப்பூச்சான ஜெல்கோட். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக்கூடாது. அந்தப் பதத்தில் முதல் பாயை வைத்து ரோலரால் காற்றுக்குமிழைத் துரத்துங்கள். ஐந்து அடுக்கையும் ஒரே மூச்சில் போட வேண்டாம், சூடேறி மூடி நெளிந்துவிடும். இரண்டோ மூன்றோ போட்டு, சூடு அடங்கிய பிறகு மிச்சம்.

9. ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரின் அளவில்தான் வேலை கெடும். ரெசின் நிறையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு என்பது பொதுவான அளவு. ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், உச்சி வெயிலில், 20 கிராம் ஊற்றினால் பாயை நனைக்கு முன்பே டப்பாவில் ரெசின் கட்டியாகிவிடும். அந்தக் காலத்தில் காலையிலோ பின்னேரமோ, நிழலில், கிலோவுக்குப் பத்துக் கிராமோடு வேலை செய்யுங்கள். நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே குறைக்காதீர்கள், பிறகு எத்தனை நாள் போனாலும் முழுதாக இறுகாது. மழைக்காலத்தில் வேறு தொல்லை: ஈரம் ஏறிய பாயில் ரெசின் பால் மாதிரி வெளுக்கும். பாயை வீட்டுக்குள் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். பெரிய அளவில் கலக்குமுன் ஒரு தேநீர்க் கோப்பை அளவு கலந்து, எத்தனை நிமிடத்தில் இறுகுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

10. ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில கடைகளில் கோபால்ட் என்ற ஊதாநிறத் திரவத்தைத் தனிப் போத்தலில் தருவார்கள். அதையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். மிஞ்சிய ரெசின் டப்பாவில் தானே சூடேறிப் புகையும், ஆகவே தட்டையாக ஊற்றி வெளியில் இறுக விடுங்கள். வாவியில் ஊற்ற வேண்டாம். உரைக்கும் தூளுக்கு முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். இல்லாவிட்டால் இரவு முழுதும் அரிப்புத்தான்.

11. ஆள் ஏறி நிற்கும் மூடியென்றால் நடுவில் பிளைவூட் துண்டு வைத்து அதன் மேலும் பாய் போடுங்கள். பிளைவூட்டின் ஓரம் முழுவதும் ரெசின் குடிக்க வேண்டும். போல்ட் போகும் துவாரத்தைப் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளைத்தால் பலகைக்குத் தண்ணீர் போகாது. எப்பொக்சி பழைய பைபரில் நன்றாக ஒட்டும். ஆனால் எப்பொக்சி பூசிய இடத்தின் மேல் சாதாரண ரெசின் சரியாகப் பிடிக்காது. வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

12. பிணைச்சலை மூடியின் முன்பக்கம் போடுங்கள். அணியம் முன்னுக்கு இருக்க லொறியில் போகும்போது காற்று மூடியை அமுக்கும். கடலிலும் முன்னால் வரும் அலை அப்படியே அமுக்கும். பின்பக்கம் பிணைச்சல் போட்டால் காற்று அடியில் புகுந்து மூடியைத் தூக்கி அடிக்கும். படகைப் பின்புறம் முன்னாக ஏற்றும்போது கணக்கு அப்படியே தலைகீழ். அந்த வேளையில் மூடியைக் கட்டாமல் நகர வேண்டாம்.

13. கடல் தண்ணீருக்கு 316 என்று குறித்த ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குங்கள். 304 துருக்கறை விடும். காந்தம் வைத்துப் பார்ப்பது முலாம் பூசிய இரும்பைப் பிடித்துக் கொடுக்குமே தவிர, 304ஐயும் 316ஐயும் பிரித்துக் காட்டாது. உள்ளே வாசருக்குப் பதில் சிறு தகடு வையுங்கள். ஜெல்கோட்டில் துளைக்கும்போது, முதலில் ட்ரில்லைப் பின்னோக்கிச் சுழற்றிப் பூச்சைக் கடந்துவிட்டுப் பிறகு முன்னோக்கிச் சுழற்றினால் ஓரம் பெயராது.

14. ரப்பர் பட்டி வாங்கும்போது ஒரு துண்டைத் தண்ணீருக்குள் பிழிந்து விடுங்கள். தண்ணீரைக் குடித்துப் பாரமாகினால் அது வேண்டாம். குடிக்காத நுரை ரப்பர்தான் மூடிக்கு ஆகும். சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டுவது நம் பக்கத்து வழக்கம். டியூப் நல்ல ரப்பர்தான், ஆனால் அமுங்காது, அதனால் மேடுபள்ளத்தை நிரப்பாது. பட்டியின் சந்திப்பைப் பின்பக்கம் வையுங்கள். ஒட்டிய பின் விளிம்பில் சோக்குப் பூசி மூடித் திறந்தால், ரப்பரில் சோக்குப் படாத இடமே தண்ணீர் போகும் இடம்.

15. பிணைச்சலடியில் சிலிக்கன் பூசும் பழக்கத்தை விடுங்கள். அது ஒருமுறை பட்ட இடத்தில் பின்னர் பெயின்ற், ரெசின் எதுவும் பிடிக்காது. பொலியூரிதேன் பசையே படகுக்குச் சரி.

16. பாய்ப்படகின் கண்ணாடி போன்ற மூடி பெரும்பாலும் அக்ரிலிக். அதை அசெட்டோன், தின்னர், பெற்றோல் எதனாலும் துடைக்காதீர்கள், வலைவலையாக வெடிக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும். வெயிலில் நீளும் பொருள் என்பதால் துவாரம் போல்ட்டை விடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். போல்ட்டை மிதமாக இறுக்குங்கள்.

17. சோதனைக்கு ஒருவர் டோர்ச்சோடு உள்ளே பார்க்க, மற்றவர் ஹோஸ் பிடித்து நான்கு பக்கமும் ஐந்தைந்து நிமிடம் தண்ணீர் அடிக்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் தொடங்கி மேலே வாருங்கள். மேலே தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

18. அடுத்த முறை ஏற்றும்போது மூடியைக் கழற்றிப் பாயில் சுற்றி லொறியின் முன் அறையில் வையுங்கள். கழற்ற முடியாவிட்டால் கயிறு அதன் மேல் போகக்கூடாது. விளிம்பில் கயிறு படும் இடமெல்லாம் சாக்கு மடித்து வையுங்கள். அறையைக் காலியாக்குங்கள். அடித் தக்கையைக் கழற்றி விட்டால் மழைத்தண்ணீர் தானே வடியும். புறப்பட்ட அரை மணி நேரத்தில் ஒரு தரம் நிறுத்தி எல்லாக் கட்டையும் இறுக்குங்கள். புதுக்கயிறு முதல் பயணத்திலேயே தொய்யும்.

19. கடைசியாகப் பெயின்ற் அடிக்கும்போது கடற்றொழில் திணைக்களத்துப் பதிவு இலக்கத்தை மூடிவிடாதீர்கள். செய்த மூடியை மறுநாளே அச்சிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஆள் மிதிப்பதற்கும் ஐஸ் வைப்பதற்கும் ஒரு வாரமாவது விடுங்கள். புலிபாய்ந்தகல் பக்கம் ஓடும் படகானால், மாரி தொடங்கும் ஒக்டோபருக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். மழை இறங்கிய பிறகு பைபர் வேலை சரிவராது, படகும் சும்மா நிற்க முடியாது.