கரையும் நுண்ணூசிப் பட்டை செய்வது எப்படி? பினாங்கு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாயான் லெப்பாஸில் பி. பிரவுன் நிறுவனம் 1972 முதல் மருத்துவக் கருவிகளைத் தயாரித்துவருகிறது. பத்து காவானில் பாஸ்டன் சயின்டிஃபிக் ஆலை இயங்குகிறது. கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நுண்ணூசித் தொழிலைக் கற்கத் தேவையான அனுபவம் பினாங்கிலேயே உண்டு. சவால், இங்குள்ள ஈரக்காற்று. தோலில் கரைய வேண்டிய ஊசி அதற்கு முன்பே காற்றில் இளகிவிடக் கூடாது. செய்முறை முழுவதிலும் ஊசியை ஈரத்திலிருந்து காப்பதை மனதில் வையுங்கள்.

## நுண்ணூசி என்றால் என்ன?

தோலின் மேலே உள்ள உயிரற்ற அடுக்கின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான். மருந்தை வெளியே தடுத்து நிறுத்துவது அதுதான். சில நூறு மைக்ரான் உயரமுள்ள ஊசிகள் அதைத் துளைத்து, கீழே கரைந்து, மருந்தை விட்டுவிடும். வலி மிகக் குறைவு. கூரான கழிவும் மிஞ்சாது.

1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் சிலிக்கான் நுண்ணூசிகளால் தோலில் மருந்து ஊடுருவுவதைக் காட்டினார்கள். 2017இல் கரையும் ஃப்ளூ தடுப்பூசிப் பட்டையின் முதல் கட்ட மனிதச் சோதனை முடிவும், 2024இல் காம்பியாவில் கைக்குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்த தட்டம்மை-ரூபெல்லா பட்டையின் முடிவும் லான்செட் இதழில் வெளியாயின.

ஒரு பட்டையில் அடங்கும் மருந்தின் அளவு மிகச் சிறியது. தடுப்பூசிக்கு அது போதும். 500 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்குப் போதாது.

## படி 1: தாய் வடிவம்

முதலில் ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் தாய் வடிவம் வேண்டும். சிலிக்கானில் செதுக்கலாம்; நுட்பமான ரெசின் முப்பரிமாண அச்சு இயந்திரத்திலும் எடுக்கலாம். உயரம் 600 மைக்ரான், நுனி முடிந்தவரை கூர்மை என்று தொடங்குங்கள். ரெசின் வடிவத்தை ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, புறஊதா ஒளியில் முழுமையாக இறுகவிடுங்கள். மிச்ச ரெசின் அடுத்த படியைக் கெடுத்துவிடும்.

## படி 2: சிலிக்கோன் அச்சு

பிடிஎம்எஸ் சிலிக்கோனையும் இறுக்கியையும் பொதுவாக 10க்கு 1 என்ற எடையில் கலந்து, வெற்றிடத்தில் குமிழி நீக்கி, தாய் வடிவத்தின் மேல் ஊற்றுங்கள். மிதமான சூட்டில் இறுகியதும் உரித்தெடுத்தால் ஊசிக் குழிகள் கொண்ட அச்சு கிடைக்கும்.

இந்தச் சிலிக்கோனை இறுக்குவது பிளாட்டினம் வினையூக்கி. ரப்பர் கையுறையில் உள்ள கந்தகம் பட்டால் அது செயலிழக்கும். சிலிக்கோன் பிசுபிசுவென்று இறுகாமலே நிற்கும். அதனால் வைனைல் கையுறை அணியுங்கள்.

## படி 3: கரைசல்

பாலிவினைல் பைரோலிடோன், ஹையலுரோனிக் அமிலம், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் ஆகியவை வழக்கமான பாலிமர்கள். தடுப்பூசிப் புரதம் உலரும்போது சிதையாமலிருக்க டிரெஹலோஸ் சர்க்கரை சேர்ப்பார்கள். கரைசல் தேன் பதத்தில் இருந்தால் வார்க்க எளிது. மலேசியாவில் ஜெலட்டின் பயன்படுத்தினால் அதன் மூலம் எது என்ற ஹலால் கேள்வி முதலிலேயே எழும். அதை ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

பழகும் காலத்தில் மருந்து வேண்டாம், உணவுச் சாயம் போதும். இவ்வாறு செய்த பட்டையை யார் தோலிலும் ஒட்டிப் பார்க்கக் கூடாது.

## படி 4: இரண்டு முறை வார்த்தல்

சிலிக்கோனில் நீர் ஒட்டாது. கரைசல் தானாகக் குழிக்குள் இறங்காது. வெற்றிடத்தில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள், அல்லது விசை குழியின் ஆழத்தை நோக்கி இருக்குமாறு அச்சைப் பொருத்தி மையவிலக்கியில் சுழற்றுங்கள். மேலே மிஞ்சியதை வழித்தெடுத்தால் மருந்து ஊசிக்குள் மட்டும் நிற்கும். அதன் பிறகு மருந்தில்லாத கரைசலை ஊற்றி அடித்தளம் அமையுங்கள். விலை உயர்ந்த தடுப்பூசி அடித்தளத்தில் வீணாகாமல் இருக்கத்தான் இந்த இரட்டை வேலை.

## படி 5: உலர்த்தல்

பட்டையின் தரம் இங்கேதான் முடிவாகிறது. சூடேற்றி அவசரப்படுத்தினால் தடுப்பூசி கெடும், அடித்தளமும் வளையும். சிலிக்கா ஜெல் நிறைந்த மூடிய பெட்டியில் அறை வெப்பத்தில் ஓர் இரவு, தேவைப்பட்டால் அதற்கு மேலும் விடுங்கள். மெதுவாக உரித்து, உடனே ஈர உறிஞ்சியோடு அலுமினியப் பையில் அடைத்துவிடுங்கள்.

ஒரு பட்டையைத் திறந்தும் இன்னொன்றைப் பையிலும் வைத்து, மறுநாள் உருப்பெருக்கியில் பாருங்கள். பினாங்கின் காற்று நுனிகளை எவ்வளவு மழுங்கடிக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

## படி 6: சோதனை

தோலுக்குப் பதிலாக, பாராஃபிலிம் என்ற ஆய்வக மெழுகுப் படலத்தை எட்டு அடுக்காக மடித்து, பட்டையை அழுத்தி எடுத்து, எத்தனை அடுக்கில் துளை விழுந்தது என்று எண்ணுங்கள். ஓர் அடுக்கு சுமார் 127 மைக்ரான்; மூன்று துளைத்தால் ஏறத்தாழ 380. முன்பும் பின்பும் ஊசிகளை அளந்து, வளைவையும் முறிவையும் குறித்துவையுங்கள்.

## படி 7: ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு

தடுப்பூசிப் பட்டையில் முதன்மை வேலை மருந்தினுடையது. ஆகவே மலேசியாவில் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவிடம்தான் முதலில் பேச வேண்டும். காமா கதிரால் கிருமி நீக்கினால் தடுப்பூசி சேதமாகலாம் என்பதால், தொடக்கம் முதலே கிருமியற்ற சுத்த அறையில் தயாரிக்கும் திட்டம் தேவைப்படும்.

முதல் தொகுதியிலிருந்தே அறை ஈரப்பதம், உலர்த்திய நேரம், உடைந்த ஊசிகள் ஆகியவற்றை நாள்தோறும் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு தொகுதி நன்றாக வந்தது என்பதை எவரும் ஏற்பார்கள். நூறாவது தொகுதியும் அப்படியே வரும் என்று நம்பவைப்பது இந்தப் பதிவேடுதான். குழந்தையின் தோலில் ஒட்டப்போகும் பொருளுக்கு அந்த நம்பிக்கையை நாம் சம்பாதித்தே ஆக வேண்டும்.